டயாலிசிஸ் எடுப்பவரின் மறதி: வீட்டில் நாங்கள் செய்த தவறுகள்

ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் மற்றவர்கள் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் அப்பா மனக்கணக்காகத் தொகையைச் சொல்லிவிடுவார். டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாம் வருடம், பத்து மூட்டைக் கணக்கில் மூன்று முறை தடுமாறிவிட்டு, "நீயே போட்டுச் சொல்லு சாமி" என்று சீட்டை என் பக்கம் தள்ளினார். "வயசாச்சில்ல கண்ணு" என்றார் அம்மா. சரி என்று நானும் விட்டுவிட்டேன். முதல் தவறு அதுதான்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் பகுதியில் ஹீமோடயாலிசிஸ் (மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) எடுத்துவந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 338 பேரைச் சோதித்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. அவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூளைத்திறன் கடுமையாகக் குறைந்திருந்தது. மருத்துவக் குறிப்பில் அது பதிவாகியிருந்ததோ 3 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான். பேர் மறப்பது மட்டும்தான் அடையாளம் என்று நினைக்கக் கூடாது. கணக்கு, திட்டமிடல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எல்லாம் தடுமாறும். அப்பாவைக் கடிகாரம் வரையச் சொன்னார் டாக்டர். பன்னிரண்டு எண்களும் வலது பக்கமாகவே நெருக்கியடித்து நின்றன.

சர்க்கரையும் பிரஷரும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுத்திருக்கும். ரத்தசோகை, தூக்கமின்மை, மனச்சோர்வும் சேரும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் உண்டு, சொன்னால்தானே பார்ப்பார்கள்! ஒரம்பரைக்கு (சொந்தக்காரர்களுக்கு) தெரிந்துவிடும் என்று நாங்கள் ஆறு மாதம் வாயே திறக்கவில்லை.

அடுத்தது, மெஷின் ஓடும் நான்கு மணி நேரத்தில் முக்கியமான விஷயம் பேசுவது. அப்போதுதான் மூளை மந்தமாக இருக்கும். டயாலிசிஸுக்குச் சற்று முன்போ மறுநாளோ பேசுங்கள். கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் நீர் தேங்கி எடை அதிகம் ஏறினால், நீரை வேகமாக உறிஞ்ச வேண்டியிருக்கும், பிரஷர் இறங்கும், மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும். பொள்ளாச்சி மாமா பாசத்தோடு இறக்கும் இளநீர்க் குலையை வாசலிலேயே நிறுத்துங்கள். அதில் நீரோடு, பழுதான சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியமும் இருக்கிறது.

எங்களைப் பயமுறுத்தியது மாத்திரைதான். கால் எரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பிரிகாபலின், அப்பாவை இரண்டு நாள் தூங்கவும் உளறவும் வைத்தது. சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து அது. நரம்பு வலிக்கான கபாபென்டின், தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் மாத்திரைகளும் அப்படித்தான். இன்சுலினும் உடம்பில் அதிக நேரம் நின்று சர்க்கரையை இறக்கிவிடலாம். குழப்பம் தெரிந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூட வேண்டாம். விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய் விடும்.

மாதக்கணக்கில் மெல்ல வரும் மறதி வேறு. ஒரே நாளில் பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை இழுத்துக்கொண்டாலோ, காய்ச்சலோடு உளறினாலோ, "நாளைக்கு டயாலிசிஸ் இருக்குதுங்களே, அப்பச் சொல்லிக்கலாம்" என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இப்போது மாத்திரை டப்பாவை அம்மா நிரப்புகிறார். ஒவ்வொரு அறையையும் எண்ணிச் சரிபார்ப்பது மட்டும் அப்பா.