சிக்குக் கோலம் தந்த தூக்கம்

2020 ஊரடங்கில் எனக்கு வேலை போனது. ராத்திரி கண்ணே மூடாது. விடிந்தாலும் எழ மனசு வராது. ஒருநாள் அம்மா கோலப்பொடி டப்பாவை நீட்டி, "இனிமே வாசலை நீ பார்த்துக்கோடி" என்றார்.

சிக்குக் கோலத்தில் ஆரம்பித்தேன். 7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை; அதாவது நடுவரிசையில் 7, இருபுறமும் முந்தைய வரிசையின் இடைவெளிகளில் ஒவ்வொன்றாகக் குறைத்து 4 வரை. முதல் வாரம் இழை பாதியிலேயே அறுந்தது. வெறும் அரிசி மாவு விரலில் ஒட்டிக்கொண்டு இறங்காது. அப்புறம் கொஞ்சம் கல்மாவு கலந்தேன். தெளித்த தண்ணீர் சற்றே உலரும்வரை பொறுத்தேன். இழை சீராக விழுந்தது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து, கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும்போது நெஞ்சில் அடைத்திருந்தது இளகும். எத்தனையோ நாள் அப்படியே உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

காலை ஐந்தரைக்கு வாசலில் நிற்க வேண்டுமே, அதனால் பத்து மணிக்கே தூக்கம் வந்தது. வேலை கிடைக்க மேலும் ஐந்து மாதமானது. அதுவரை எறும்புகள் மாவை இழுத்துப் போவதை அம்மாவும் நானும் காப்பியோடு பார்த்துக்கொண்டிருப்போம்.