விண்டோஸ் 11-க்கு மாறிய பின் மடிக்கணினி மந்தமானால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததையொட்டி, பலர் தங்கள் பழைய மடிக்கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றினார்கள். மாற்றிய மறுநாள் கணினி தவழத் தொடங்கியதும், கேள்விப்பட்ட எல்லா வழிகளையும் ஒரே மாலையில் செய்துபார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் எதனால் கெட்டது என்பதும் தெரியாது, எதனால் சரியானது என்பதும் தெரியாது. எது திணறுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கு உரியதை மட்டும் செய்வதே முறை.

எதற்கும் முன்பாக, மேம்படுத்திய தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய இயங்குதளத்தை விண்டோஸ் ஒரு தனிக் கோப்புறையில் 10 நாட்கள் வைத்திருக்கும்; அதுவரை செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி என்று சென்று 'கோ பேக்' மூலம் பழையபடி திரும்பலாம். வட்டில் இடம் வேண்டும் என்று முதல் நாளே அந்தக் கோப்புறையை அழித்துவிடுபவர்கள் திரும்பும் வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து ஓரிரு நாட்கள் பொறுக்க வேண்டும். இது வெறும் ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. புதிய இயங்குதளம் தேடலுக்கான அட்டவணையை மறுபடி உருவாக்குகிறது, விண்டோஸின் வைரஸ் தடுப்பானான டிபெண்டர் கோப்புகளைச் சோதிக்கிறது, விடுபட்ட டிரைவர்கள் (வன்பொருள்களை இயக்கும் மென்பொருள்கள்) பின்னணியில் இறங்குகின்றன. சார்ஜரில் இணைத்து, உறக்கநிலைக்குப் போகாதபடி அமைத்து, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டு, மறுமுறை அப்படியே திரும்ப வருகிறது.

அதன் பிறகும் மந்தமாகவே இருந்தால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்திற்குச் செல்லுங்கள். சிபியு (மையச் செயலகம்), மெமரி (ரேம்), டிஸ்க் (சேமிப்பு வட்டு) என்ற மூன்றில் எது நூறு விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள்.

என் கணிப்பில், பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் சிக்குவது டிஸ்க்தான். அதே பக்கத்தில் அது எச்டிடியா (சுழலும் ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகம்) என்றும் காட்டப்படும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகரவே ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகிறது. எனவே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை அளவில்தான் அதனால் எடுத்துத்தர முடியும். பின்னணி வேலைகள் பலவற்றை ஒரே நேரத்தில் செய்யும் இன்றைய இயங்குதளத்திற்கு இது போதாது. அதனால்தான் நொடிக்கு இரண்டு மூன்று எம்பி மட்டுமே நகரும்போதும் வட்டு வேலையில் இருக்கும் நேரத்தைக் காட்டும் 'ஆக்டிவ் டைம்' 100 விழுக்காட்டில் நிற்கிறது. இதற்கு எந்த அமைப்பை மாற்றினாலும் முழுத் தீர்வு கிடைக்காது. எஸ்எஸ்டிக்கு மாறுவதே தீர்வு. 2.5 அங்குல சாட்டா (வட்டை இணைக்கும் முறை) ஹார்ட் டிஸ்க் உள்ள மடிக்கணினியில் அதே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தி, பழையதை அப்படியே நகலெடுத்துவிடலாம். வட்டைக் கழற்றும் முன் கோப்புகளை பேக்கப் எடுப்பதோடு, வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் கோப்புகளே கைவிட்டுப் போகக்கூடும்.

அதே டிஸ்க் பக்கத்தில் காட்டப்படும் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' (வட்டு பதில் தர எடுக்கும் சராசரி நேரம்) அடிக்கடி பல நூறு மில்லிநொடிகளைத் தொட்டால், வட்டே பழுதாகிக்கொண்டிருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். எச்சரிக்கை காட்டினால், வேகத்தை மறந்துவிட்டு முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்.

மெமரி நிறைந்து நின்றால், விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமாகக் கேட்கப்படும் 4 ஜிபி ரேம் அன்றாடப் பயன்பாட்டிற்குப் போதாது என்பதே பொருள். டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் தேவையற்றவற்றை நிறுத்துங்கள். முடிந்தால் 8 ஜிபிக்கு உயர்த்துங்கள்.

சிபியு நிறைந்திருந்தால் எந்த மென்பொருள் அதை விழுங்குகிறது என்று 'ப்ராசஸஸ்' பக்கம் காட்டிவிடும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியுவுக்குக் காட்டும் வேகம், வேலை மிகுந்த நேரத்திலும் அடிப்படை வேகத்திற்குக் கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால், விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா, சார்ஜர் அதற்குரியதுதானா, 'பவர் மோட்' எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றுமே அமைதியாக இருந்தும் சாளரங்கள் இழுபட்டு நகர்ந்தால், சந்தேகம் திரை டிரைவரின் மேல் விழ வேண்டும். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் உரிய டிரைவர் ஏறவில்லை. மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே அதை இறக்குங்கள்; டிரைவர் தேடித்தருவதாகச் சொல்லும் வேறு மென்பொருள்களை நம்ப வேண்டாம்.

இவை எதிலும் தீராமல் எட்டாம் நாள் வந்துவிட்டால், பேக்கப் எடுத்துக்கொண்டு 'கோ பேக்' கொடுப்பதில் தவறில்லை. உங்கள் சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். மேம்படுத்திய பின் நிறுவிய மென்பொருள்களை மட்டும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்குத் திரும்பியதும், பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைப்பதற்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர முடிகிறதா என்பதை அன்றைக்கே 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.