பிள்ளை மாகாண அணிக்குத் தேர்வானால்: டர்பன் பெற்றோருக்கு ஒரு செலவுக் கணக்கு

டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டுப் பிள்ளை மாகாண வயதுப்பிரிவு கிரிக்கெட் அணிக்குத் தேர்வாகியிருப்பதாகக் கடிதம் வந்தால், அன்று அந்த வீட்டில் யாரும் செலவைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. டர்பனில் பிறந்த சேனுரன் முத்துசாமி 2019-இல் விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்க அணிக்காகத் தம் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியதைப் பார்த்த நமக்கு அந்த மகிழ்ச்சி நன்றாகவே புரியும். ஆயினும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், சீருடை, டிராக்சூட், பயணம், தங்குமிடம், உணவு ஆகிய அனைத்துக்கும் எத்தனை ரேண்ட் ஆகும், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை அணி மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டுக் கடன் பட்ட குடும்பங்கள் உண்டு என்பதால் இதையே முதற்படியாகச் சொல்கிறேன்.

பெரும்பாலோர் மட்டையின் விலையைத்தான் எண்ணிக் கவலைப்படுகிறார்கள். பணத்தை உண்மையில் கரைப்பது பயணம். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் மரியன்ஹில், மூயி, டுகேலா, வில்கே, டி ஹுக் எனச் சுங்கச்சாவடிகள் வரிசையாக நிற்கின்றன. நான்கு குடும்பங்கள் நான்கு கார்களில் செல்லாமல் ஒரே கொம்பியில் (சிறு வேனில்) சென்று பெட்ரோலையும் சுங்கத்தையும் பங்கிட்டுக்கொள்வதும், அங்குள்ள உறவினர் வீட்டில் தங்குவதும் பெருந்தொகையை மிச்சப்படுத்தும்.

மட்டையைப் பொறுத்தவரை, வளரும் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டுகளில் அளவு மாறிவிடும். ஆகவே விலை உயர்ந்த இங்கிலாந்து வில்லோ மர மட்டையை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். சிறு வயதினருக்குக் காஷ்மீர் வில்லோ போதும். கால்காப்புகளையும் பையையும் பழையதாக வாங்கலாம். தலைக்கவசத்தை மட்டும் புதியதாகவே வாங்குங்கள், ஏனெனில் முன்பு பட்ட அடியின் விரிசல் வெளியே தெரியாது. தனிப் பயிற்சிக்கு மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பணம் சேர்க்க நம் பாட்டிகள் பிடித்த சீட்டே இன்றும் நல்ல வழி. அணிப் பெற்றோர் பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட்டு, சுற்றுப்பயணம் நெருங்கும் மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில் பிள்ளை படித்து, வருமானம் குறைவாக இருந்தால், 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின்படி கட்டண விலக்குக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் கட்டவில்லை என்பதற்காக அப்பள்ளியின் விளையாட்டிலிருந்து பிள்ளையை ஒதுக்கவும் அச்சட்டம் இடம் தரவில்லை. மாகாணச் சுற்றுப்பயணத்தின் செலவு இதில் அடங்காது; அதற்குச் சீட்டுப் பணம்தான்.

மார்ச்சில் பருவம் முடிந்ததும், சிறிதாகிப்போன காலணியையும் கால்காப்பையும் அலமாரியில் பூட்டி வைக்காமல் உடனே விற்றுவிடுங்கள். செப்டம்பருக்குள் இன்னொரு தாய் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்.