பகலில் கடித்த நுளம்பு

மாரி தொடங்கினால் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்குள் பட்டப்பகலிலேயே நுளம்புக் கடி. பகலில் கடிப்பது பெரும்பாலும் ஈடிஸ். டெங்கைக் காவுவது அதுதான். 2017 இல் பக்கத்துக் கிண்ணியா டெங்கால் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 180,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது.

வளவில் கிடந்த சிரட்டை, டயர் எல்லாம் அகற்றியும் கடி குறையவில்லை. சரி, உள்ளே பார்ப்போம் என்று டோர்ச்சை எடுத்தேன். பிரிட்ஜின் பின்பக்கத் தட்டில் புழுக்கள் நெளிந்தன. கூரைப் பீலியோ வேப்பஞ்சருகு அடைத்து, ஓரிடம் தொய்ந்து, குட்டிக் குளமாகக் கிடந்தது.

பீலியைத் துப்புரவாக்கி, தொய்ந்த இடத்தைத் தூக்கிக் கட்டினேன். தட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கங்களில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள்தான் என்பதால் ஞாயிறு தவறாமல் தட்டு, வாளி, பூச்சாடி எல்லாம் தேய்க்கிறோம். கிணற்றில் நுளம்புப் புழுக்களைத் தின்னும் கப்பி மீன் விட்டோம். புகை அடிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, அது பறப்பதைத்தான் கொல்லும்.

இப்போது பகல் கடி வெகுவாகக் குறைந்துவிட்டது. அப்புறம் ஒன்று: காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன் இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.