சிஎன்சி மிஷினில் லேசர் தூர சென்சர்: நாங்கள் விட்ட பிழைகள்

ஹட்டனில் நான் வேலை செய்யும் பட்டறையில் பெயர்ப்பலகை வெட்டும் சிறிய சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி கட்டரை நகர்த்தும் மிஷின்) ஒன்று இருக்கிறது. பலகையின் உயரத்தைத் தொடாமலே அளந்துவிடலாம் என்று அதில் லேசர் தூர சென்சர் பூட்டினோம். முதல் நாளே கொன்ட்ரோலர் போர்ட் போய்விட்டது. சென்சரில் குறையில்லை, வயர் கொடுத்த என்னில்தான்.

தொழிற்சாலைப் பாவனைக்கு வரும் சென்சர்கள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை. மிஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஏற்றிய எங்கள் கொன்ட்ரோலர் போர்ட், ஆர்டுயினோ ஊனோவோ 5 வோல்ட்டுக்குப் பழகியது. பிஎன்பி வகை சென்சர் சிக்னல் தரும்போது அந்த 24 வோல்ட்டை அப்படியே அனுப்பும். போர்ட் புகைய வேறென்ன வேண்டும்? என்பிஎன் வகையோ சிக்னல் வயரைப் பூச்சிய வோல்ட்டுக்கு இழுப்பது. சிக்னலை வாங்கும் ஊனோவின் ஏ5 காலுக்கு (பின்) அதுதான் ஒத்துவரும். அதற்காக நேரே கொடுத்துவிடவும் கூடாது. சிலவற்றின் உள்ளே சிக்னல் வயரிலிருந்து 24 வோல்ட்டுக்கு ரெசிஸ்டர் கட்டியிருப்பார்கள், சிக்னல் இல்லாதபோது வயரில் அந்த 24 வோல்ட் நிற்கும். மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள். நான் இப்போது எதுவானாலும் நடுவே ஒப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்தி இரு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் பாகம்) போட்டுவிடுகிறேன்.

வயர் சரியென்றதும் ஜி38.2 (சிக்னல் வரும்வரை கட்டரை இறக்கும் கட்டளை) கொடுக்க அவசரப்படாதீர்கள். லேசருக்குக் கீழே மரத்துண்டை வைத்தும் எடுத்தும் ஜிஆர்பிஎல் காட்டும் ஸ்டேட்டஸில், சிக்னலைக் குறிக்கும் பி எழுத்து வந்து போகிறதா என்று பாருங்கள். தலைகீழாக இருந்தால் ஜிஆர்பிஎல்லின் $6 செட்டிங்கை மாற்ற வேண்டும். அலாரம் 4 வந்தால், இறங்கும் முன்பே சிக்னல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சிக்னலே வராவிட்டால் நீங்கள் கொடுத்த தூரம் முழுக்க இறங்கிய பிறகுதான் அலாரம் 5 வரும். அதற்குள் கட்டர் மேசையைத் துளைத்திருக்கும், ஆகவே தூரத்தைக் குறைத்தே கொடுங்கள்.

பலரும் கவனிக்காதது சென்சரின் தாமதம். சிக்னல் வந்த கணத்தில் ஜிஆர்பிஎல் இடத்தைக் குறித்துக்கொள்ளும், மிஷின் நிற்க எடுக்கும் தூரம் அளவைக் கெடுக்காது. ஆனால் சென்சரே 20 மில்லிசெக்கன் பிந்திச் சொன்னால்? நிமிடத்துக்கு 600 மில்லிமீற்றர் வேகத்தில் அது 0.2 மில்லிமீற்றர் பிழை. வேகத்தை 60 ஆக்கினால் 0.02. முதலில் வேகமாகத் தேடி, கொஞ்சம் மேலே தூக்கி, அப்புறம் மெதுவாக ஒருமுறை அளப்பதே நல்லது.

மலிவான விஎல்53எல்0எக்ஸ் போன்ற சின்ன லேசர் தூர சென்சர்கள் இந்த வேலைக்கு ஆகாது. பலகை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கலாம், கட்டர் உயரம் வைக்க முடியாது.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, மூடுபனி. காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் ஈரம் லென்ஸில் படிந்துவிடும். துடைத்து, அரை மணி நேரம் கரண்ட் கொடுத்து வைத்த பிறகே அளக்கிறோம். பளபளக்கும் அலுமினியத் தகட்டிலும் அளவு தாவும். அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் அடங்கிவிடும். டேப்பின் தடிப்பைக் கழிக்க மறந்து, எழுத்தே சரியாக விழாத ஒரு தகடு இன்னும் எங்கள் மூலையில் கிடக்கிறது.