ஆலன் மூரைப் படிக்க ஆசையா? 'வாட்ச்மென்'னில் தொடங்காதீர்கள்

இரும்புக்கை மாயாவி காமிக்ஸைப் படித்து வளர்ந்தவன் நான். ஆங்கிலக் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் பெயரைக் கேள்விப்பட்டதும் எல்லோரையும் போல நேரே அவருடைய முகமூடி நாயகர்கள் கதையான 'வாட்ச்மென்' வாங்கினேன். முதல் அத்தியாயம் முடிந்த கையோடு, ஓய்வுபெற்ற முகமூடிக்காரர் ஒருவரின் சுயசரிதை, படக் கட்டமே இல்லாமல் எழுத்தாகவே பக்கம் பக்கமாக வந்தது. மூடி வைத்தவன் மறுபடி தொட ஆறு வருஷம் ஆயிற்று. அந்த ஆறு வருஷம் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் '2000 ஏடி' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழில் 1980 முதல் அவர் எழுதிய துண்டுக் கதைகளைப் பிடியுங்கள். தொகுப்பாகவே கிடைக்கும். மனுஷன் நார்த்தாம்ப்டன்காரர், பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டு, தோல் பதனிடும் இடத்திலெல்லாம் வேலை பார்த்தவர். கார்ட்டூன் வரைந்து பிழைக்கப் பார்த்தார். கை அவ்வளவு ஓடாது என்று தெரிந்ததும் எழுத்துக்கு வந்துவிட்டார். காமிக்ஸ் எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஸ்டீவ் மூர். உறவெல்லாம் இல்லை, பெயர்தான் ஒன்று. 1983-ல் வந்த 'தி ரிவர்சிபிள் மேன்' கதையை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். சாவில் ஆரம்பித்துப் பிறப்பில் முடிகிற சாதாரண ஆளின் வாழ்க்கை, சில பக்கங்களில். தொழிலை அவர் எங்கே பழகினார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது 'ஸ்வாம்ப் திங்', வேறொருவர் எழுதிக்கொண்டிருந்து மூர் கைக்கு வந்த அமெரிக்கத் தொடர். அவர் எழுத ஆரம்பித்த 20-ஆம் இதழை இப்போதைக்குத் தாண்டுங்கள். முந்தைய கதையின் மிச்சம் மீதியை முடித்துவைக்கிற வேலைதான் அதில். 1984-ல் வந்த 21-ஆம் இதழில் ஒரு விஞ்ஞானி அந்தச் சதுப்புநில ஜந்துவை அறுத்துப் பார்க்கிறான். உள்ளே நுரையீரல் மாதிரி ஏதோ இருக்கிறது, மூச்சு விடாது. இதயம் மாதிரி இருக்கிறது, துடிக்காது. அதுவரை எல்லோரும் நம்பியது போல மனிதன் செடியாக மாறவில்லை. தன்னை மனிதன் என்று நினைத்துக்கொண்ட செடி அது! பழைய கதை எதையும் அழிக்காமல் ஒரே இதழில் மொத்தத்தையும் புரட்டிப் போட்டார்.

'வி ஃபார் வெண்டெட்டா', 'மார்வெல்மேன்' இரண்டும் இதற்குப் பிறகு, எந்த வரிசையில் என்றாலும் சரி. 'தி கில்லிங் ஜோக்' என்ற பேட்மேன் கதையை அவரே பெரிதாக மதிப்பதில்லை. பிரையன் போலண்டின் ஓவியத்துக்காக வாங்கலாம்.

இப்போது 'வாட்ச்மென்'. எழுத்துப் பக்கங்களைத் தாண்டாதீர்கள், கதையின் முடிச்சுகள் அங்கேயும் இருக்கின்றன. ஐந்தாம் அத்தியாயம் வந்ததும் சும்மா படிக்காமல் ஒரு வேலை செய்யுங்கள். மொத்தம் 28 பக்கம். முதல் பக்கத்தில் ஒரு விரலை வையுங்கள், கடைசிப் பக்கத்தில் இன்னொன்றை. கட்டங்களின் அமைப்பு கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்துப்போகும். அப்படியே 2-க்கு 27, 3-க்கு 26 என்று உள்ளே வாருங்கள். 14-ம் 15-ம் நடுவில் ஒரே படமாகச் சேர்ந்துகொள்ளும். ஓவியர் டேவ் கிப்பன்ஸுக்கும் இதில் சரிபாதிப் பங்கு. அவரை மறந்துவிட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

எழுத ஆசை இருந்தால் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் என்றால், கட்டத்துக்கு 35 வார்த்தைக்கு மேல் கூடாது என்பது மூர் சொல்லும் கணக்கு. பழைய அமெரிக்க ஆசிரியர் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாம். எண்ணிப் பாருங்கள்.

'வாட்ச்மென்' சினிமாவில் அவர் பெயரைத் தேடி அலையாதீர்கள். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை மூருக்கும் கிப்பன்ஸுக்கும் திரும்ப வரும் என்று பதிப்பகத்தோடு ஒப்பந்தம். 'வாட்ச்மென்' இன்றுவரை அச்சில் இருக்கிறது. அந்தக் கசப்பில் 2009-ல் வந்த படத்தில் தன் பெயரே வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியாக, நம்மவர்களுக்கு மட்டும் ஒன்று: 2005-ல் தொடங்கிய 'ஆல்பியன்'. கதைக்கரு மூருடையது, எழுதியது மகளும் மருமகனும். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்களையெல்லாம் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் லூயிஸ் கிராண்டல் என்றொருவர் வருவார். யாரென்று தெரிகிறதா? நம்ம இரும்புக்கை மாயாவி.