போன் மாற்றுவதா, பழையதையே வைத்திருப்பதா: ஒரு கிழமையில் முடிவெடுக்கும் வழி

என் மச்சான் இலங்கையில், நாங்கள் திருமலை என்று சொல்லும் திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் படகு ஓட்டுகிறார். வைகாசியில் சீசன் தொடங்கினால் புறாமலைத் தீவுக்கும், திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். புக்கிங் முழுக்க வாட்ஸ்அப்பில்தான் வரும். அவருடைய ஆண்ட்ராய்டு போன் வாங்கி நாலு வருசம், மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். கத்தாரில் இருக்கும் அவருடைய அண்ணா ‘ஐபோன் 17 ஒன்று கொண்டு வாறன், காசைப் பிறகு தா’ என்று சொல்ல, டவுனில் கடைக்காரத் தம்பி சாம்சங் ஏ56ஐ எடுத்துக் காட்ட, மனிசன் இரண்டு கிழமை யூடியூப் பார்த்துக் குழம்பிப் போய் என்னிடம் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். போனைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

படி 1: கையில் இருக்கும் போனை முதலில் பாருங்கள்

புதுப் போனின் விலையைக் கேட்பதற்கு முன்னால், பழைய போன் எங்கே உங்களை மறிக்கிறது என்று ஒரு கிழமை கவனியுங்கள். ஒரு கொப்பித் தாளை எடுத்து, கரைச்சல் வரும் நேரமெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். ‘மெதுவாக இருக்கிறது’ என்று மொட்டையாக எழுதினால் உதவாது. ‘வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்கிறது’, ‘பதினொரு மணிக்கே 30 வீதம்’ என்று எழுதுங்கள்.

மச்சானின் தாளில் ஏழு நாளில் பதினான்கு வரி இருந்தது. அதில் ஒன்பது பற்றரி, மூன்று வெயிலில் திரை தெரியாதது, இரண்டு ஸ்டோரேஜ். கமராவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் யூடியூபில் பார்த்ததெல்லாம் கமரா வீடியோக்கள்!

லித்தியம் அயன் பற்றரி பாவிக்கப் பாவிக்கத் தேயும், சூடு பட்டால் இன்னும் வேகமாகத் தேயும். படகின் முன்பலகையில் வெயில் படப் போனை வைப்பவருக்கு நாலு வருசம் என்பது பற்றரியின் ஆயுளைத் தாண்டிய காலம். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பற்றரி, பிறகு பற்றரி ஹெல்த் என்று போனால் அதிகபட்சக் கொள்ளளவு வீதத்தில் தெரியும். 80க்குக் கீழே இறங்கியிருந்தால் பற்றரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் இது எல்லா மொடலிலும் ஒரே இடத்தில் இருக்காது. ஆனால் எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்கிறது என்பதைப் பற்றரிப் பக்கத்தில் பார்த்துவிடலாம்.

ஸ்டோரேஜ் கரைச்சலுக்கு, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ என்ற இடத்தில் பெரிய வீடியோக்களை அளவு வரிசையில் காட்டும். காலை வணக்க வீடியோக்களை அழித்ததிலேயே மச்சானுக்கு 11 ஜிபி திரும்பக் கிடைத்தது.

படி 2: இன்னும் எத்தனை வருசம் அப்டேட் வரும்

இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்கு இதுதான் முக்கியம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி ஆப் வைத்திருப்பது நல்லதில்லை. செட்டிங்ஸில் மென்பொருள் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்துக்குரியது என்று பாருங்கள். ஒரு வருசத்துக்கு மேல் பழையது என்றால், போன் எவ்வளவு நன்றாக ஓடினாலும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்குங்கள்.

புதுப் போன்களில் நிலைமை முன்பைவிட நல்லது. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் ஏழு வருச அப்டேட் என்று அறிவித்தன. 2025இல் வந்த ஏ56க்கு ஆறு வருசம். ஐபோனில், 2018இல் வந்த எக்ஸ்ஆர், ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 2024 பதிப்பு (ஐஓஎஸ் 18) வரை வாங்கியது, அடுத்த பெரிய பதிப்பில் கழன்றது. மலிவு போன்களில் சிலவற்றுக்கு இரண்டு மூன்று வருசத்தோடு முடிந்துவிடும். அதனால் விலையை, அப்டேட் வரும் வருசங்களால் பிரித்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது சில நேரம் வருசக் கணக்கில் கூடுதலாக வரும்.

படி 3: இரண்டு போனையும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள்

ஜிஎஸ்எம் அரீனா தளத்தில் இரண்டு மூன்று போன்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. அங்கே ஐம்பது அறுபது வரி வரும். எல்லாவற்றையும் வாசித்தால் தலை சுற்றும். முதல் படியில் எழுதிய தாளில் உள்ள கரைச்சலுக்குரிய வரிகளை மட்டும் பாருங்கள்.

மச்சானுக்கு முதலாவது பற்றரி. ஏ56இல் 5000 எம்ஏஎச் (பற்றரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு). ஐபோனின் எண் இதைவிடச் சிறியது, ஆனால் இந்த எண்ணை வைத்து ஆண்ட்ராய்டையும் ஐபோனையும் நேரே ஒப்பிடக் கூடாது. சிப்பும் மென்பொருளும் வேறு, செலவழிக்கும் விதமும் வேறு. ஒரே சோதனையை இரண்டு போனிலும் ஓடவிட்டு மணிக்கணக்கில் சொல்லும் விமர்சனங்களைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது திரை. வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஐபோன் 17 வெளியில் உச்சமாக 3000 நிட்ஸ், ஏ56 1200, உச்சத்தில் 1900. நிலாவெளி மணலில் மத்தியான வெயிலில் நின்று மெசேஜ் வாசிப்பவருக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இங்கே ஐபோன் வென்றது, நான் அதை மறைக்கவில்லை. கடைக்குள் ரியூப்லைற்றின் கீழே எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்க விடச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது தண்ணீர். தூசும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதை ஐபி எண்ணில் சொல்வார்கள். ஐபோன் 17 ஐபி68, ஆறு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம். ஏ56 ஐபி67, ஒரு மீற்றரில் 30 நிமிடம். ஆனால் தயவுசெய்து கேளுங்கள், இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. கடல் தண்ணீருக்கு இந்த வாக்குறுதி இல்லை. உப்பு சார்ஜ் துவாரத்தை அரிக்கும். திருமலையில் படகில் ஏறும் எவரும், எந்தப் போன் என்றாலும், ஒரு நீர்புகாப் பையை வாங்கிவிடுங்கள்.

கமரா தேவைப்படுபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. மெகாபிக்சல் எண்ணைப் பார்க்க வேண்டாம்; சென்சரின் அளவும் மென்பொருளும்தான் படத்தைத் தீர்மானிக்கும். அந்த மொடலை வைத்திருக்கும் யாரையாவது கேட்டு, கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் கோட்டைக்குள் திரியும் மான்களைப் பொழுதுபடும் நேரத்தில் எடுத்துப் பாருங்கள். அசையும் பொருள், குறைந்த வெளிச்சம், இரண்டும் அங்கே ஒன்றாகக் கிடைக்கும்.

படி 4: போன் எந்த நாட்டிலிருந்து வருகிறது

இதில்தான் எங்கள் முடிவே திரும்பியது. கிண்ணியா, மூதூர், திருமலை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு வீட்டில் ஒருவராவது மத்திய கிழக்கில் இருப்பார், அங்கிருந்து போனும் வரும். ஆனால் கத்தார், சவூதி, குவைத், ஓமான், அமீரகம், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17இல் சிம் அட்டை போடும் தட்டே இல்லை. அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இசிம் மட்டும்தான். அமெரிக்காவில் 2022இல் வந்த ஐபோன் 14இலிருந்தே இப்படி.

இசிம் கெட்ட விசயம் இல்லை. ஆனால் மச்சானின் நிலையை யோசியுங்கள். சீசன் நடுவில் போன் கடலில் விழுந்தால், சாதாரண சிம்மை எடுத்து மகளின் போனில் போட்டு அரை மணியில் புக்கிங் பார்க்கலாம். இசிம் என்றால் அதைப் புதுப் போனுக்கு மாற்றி எடுக்க வேண்டும், அதற்குக் கொம்பனியின் கிளைக்குப் போகவும் வேண்டிவரலாம். அண்ணாவுக்குப் பதில் சொல்வதற்கு முன்பே உங்கள் கொம்பனியில் இசிம் தருகிறார்களா, தொலைந்தால் எப்படி எடுப்பது என்று கேட்டுவிடுங்கள்.

டவுனில் வாங்குவதானாலும், பாவித்த போன் என்றாலும், காசு கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்ஈஐ (IMEI) வரும். ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது இலங்கைத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பாவித்த போனில் பழைய சொந்தக்காரரின் ஐகிளவுட் அல்லது கூகுள் கணக்கு கழற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றாத போனை வாங்கினால் அது வெறும் கண்ணாடித் துண்டுதான்.

அப்புறம் திருத்தம். திரை உடைந்தால் டவுனிலேயே மாற்றலாமா, கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டுமா? கடையில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

படி 5: மாறுவதென்றால்

மச்சான் மாறவில்லை. அவருடைய போனுக்கு அப்டேட் இன்னும் வருகிறது. பற்றரியை மாற்றினோம், இப்போது இரவு வரை தாங்குகிறது. திரை மட்டும் வெயிலில் இன்னும் மங்கல்தான், அதற்கு ஒரு தொப்பியின் நிழலில் பிடித்து வாசிக்கிறார். சீசன் முடிந்து, கையில் காசு இருந்தால், திரும்பத் தாளை எடுப்பதாகப் பேச்சு.

நீங்கள் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவதென்று முடிவெடுத்தால், அவசரப்பட்டு ஐபோனைத் திறந்து பாவிக்கத் தொடங்க வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்ற, பழைய போனில் ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப்பைப் போட்டு, ஐபோனை முதன்முதலாகத் தயார்செய்யும் அந்த நேரத்திலேயே செய்ய வேண்டும். கூகுள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் பக்அப்பை ஐபோனில் எடுக்க முடியாது. இதைத் தெரியாமல் என் சிநேகிதி ஒருத்தி இறந்துபோன அம்மாவின் குரல் மெசேஜ்களைக் கிட்டத்தட்ட இழந்திருந்தாள். நல்லகாலம், பழைய போனை அழிக்கவில்லை. ஐபோனை முழுதாக அழித்துத் திரும்பத் தொடங்கி எல்லாவற்றையும் எடுத்தோம். இரண்டு போனும் சார்ஜரில் இருக்க வேண்டும், ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், நம்பரும் அதேதான்.

தொடர்பு எண்களை முன்பே கூகுள் கணக்கில் சேமியுங்கள், அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் ஐபோனுக்கு மாறி வராது. வங்கி ஆப்களைத் திரும்பப் பதிய வேண்டிவரும், அதற்கு ஓடிபி வரும் சிம் கையில் இருக்கட்டும். தமிழில் தட்டச்சு செய்ய ஐபோனிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை பழகியவர்கள் அதையும் போட்டுக்கொள்ளலாம்.

பழைய போனை அன்றைக்கே விற்றுவிட வேண்டாம். இரண்டு கிழமை மேசை லாச்சியில் கிடக்கட்டும். ஏதோ ஒன்று, ஒரு ரசீதோ, பிள்ளையின் வீடியோவோ, வராமல் விட்டிருப்பது அந்த இரண்டு கிழமைக்குள்தான் தெரியவரும்.